தறிக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பாத்தியை எடுத்துவிடாதீர்கள்: அருங்காட்சியகப் பூங்கா நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நுழைவாயில் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் மேம்பாட்டு வரைபடத்தை மூன்று சனிக்கிழமைகளாகப் பார்த்துவருகிறேன். முதல் வாரம் ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டாம் வாரம்தான் புரிந்தது: தறிக் கொட்டகைக்குப் பின்னால், பருத்தியும் நீலச் சாயம் தரும் அவுரியும் வளரும் நீண்ட பாத்தி அந்த வரைபடத்தில் இல்லை. அந்த இடத்தில் ‘தொடுதிரைக் கூடம்’ என்று எழுதிய கட்டம் இருக்கிறது. சூரியக் கடிகாரத்தைச் சுற்றியுள்ள புல்வெளி ‘சிறுவர் கேளிக்கைப் பகுதி’ ஆகிறது. கருத்துகளை எழுத்தில் தரலாம் என்று அடியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். குழுவுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது, பூங்காவுக்கு வந்துபோகும் குடும்பங்களும் படிக்கவேண்டும் என்று தோன்றியதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

என்னைச் சிலருக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை காலைகளில் தறிக் கொட்டகையில் பிள்ளைகளுக்குத் தக்ளி என்ற சிறு கைக்கதிரைச் சுற்றி நூல் நூற்கக் கற்றுக்கொடுக்கும் தன்னார்வலர்களில் நான் ஒருத்தி. முதலில் என் மகளைக் கூட்டிக்கொண்டு பார்வையாளராக வந்தேன். இப்போது பேத்தியோடு வருகிறேன். கருவிகள் இருக்கும் கொட்டகைகள், இடம் பெயர்த்துக் கட்டிய பழைய வீடு, கையால் எழுத்துக் கோக்கும் அச்சுக்கூடம், தோட்டம் எல்லாம் என் கால்களுக்குப் பழகிப்போனவை. எனவே வெளியிலிருந்து குறை சொல்பவளாக என்னை நினைக்கவேண்டாம்.

உங்கள் திட்ட அறிக்கையில் காட்சிப்பொருள்கள் ஒரு தலைப்பு, தோட்டப் பராமரிப்பு ஒரு தலைப்பு, குடும்ப நிகழ்ச்சிகள் ஒரு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை, தனிப் பொறுப்பாளர். கணக்கு எழுத அது வசதியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிரிவினையிலிருந்துதான் பாத்தியை எடுத்துவிடலாம் என்ற எண்ணமே பிறந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தோட்டம் என்ற தலைப்பின் கீழ் பார்த்தால் அது அழகுப் பூக்கள் இல்லாத, ஒழுங்கில்லாத ஒரு பாத்தி. காட்சிப்பொருள் என்ற தலைப்பின் கீழ் பார்த்தால் அது பட்டியலிலேயே இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்பதை நேரில் கண்டவள் என்பதால் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சிறுமி தறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு, ஏழு வயது இருக்கும். நீளவாக்கில் கட்டிய பாவு நூல்கள் இறுகி நிற்பதையும், மிதியை மிதித்தால் அவற்றைத் தூக்கும் விழுது ஏறி இறங்குவதையும், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்வதையும் வாய் திறந்து பார்த்தாள். “இந்த நூல் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டேன். “கடையிலிருந்து” என்றாள். அவள் அம்மா சிரித்துவிட்டார். தவறான பதில் என்று நான் சொல்லவில்லை. இருவரையும் பின்வாசல் வழியாகப் பாத்திக்கு அழைத்துப்போனேன். பருத்திச் செடியில் வெடித்த காய் ஒன்றைக் காட்டி, பறித்துக்கொள்ளச் சொன்னேன். ஓட்டின் நுனி விரலைக் குத்தியது. பஞ்சை இழுத்தால் விதை கூடவே வந்தது. விதையைப் பிரிக்கப் பார்த்தாள், அது விடவில்லை. இருவரும் சேர்ந்து மூன்று விதைகளைப் பிரிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. “பருத்தி இழை ஒவ்வொன்றும் விதையின் தோலிலிருந்து வளரும் ஒரே ஓர் உயிரணு. காயும்போது தட்டையாகி முறுக்கிக்கொள்ளும், அதனால்தான் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூலாகிறது” என்று சொன்னேன். அது அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் விரல்களுக்கிடையே பஞ்சை முறுக்கி இழுத்தபோது ஒரு சாண் நீளத்துக்கு நூல் வந்ததும், அடுத்த கணம் அது அறுந்ததும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

பிறகு அவளே தறிக்கு ஓடினாள். பாவு நூல்களை விரலால் தொடாமல் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, “இவ்வளவையும் யார் முறுக்கினார்கள்?” என்று கேட்டாள்.

தறிக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் விளக்கப் பலகை நல்ல பலகைதான். ஆனால் பத்து ஆண்டுகளில் அதைப் படித்துவிட்டு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி பாத்தியில் பிறந்தது. கொட்டகைக்கும் பாத்திக்கும் இடையே இருக்கும் இருபது அடித் தூரத்தை அவள் போய்த் திரும்பியதால் பிறந்தது. பாத்தியை எடுத்துவிட்டால் தறி அப்படியே இருக்கும். நூல் மறுபடியும் கடையிலிருந்து வரத் தொடங்கிவிடும்.

அதே பாத்தியின் மறுகோடியில் அவுரி இருக்கிறது. மழை நின்ற பிறகு பார்த்தால் களை என்றுதான் யாருக்கும் தோன்றும். நீலம் எங்கேயும் தெரியாது, ஏனென்றால் இலையில் நீலம் இல்லை. இலையில் இருப்பது நிறமற்ற ஒரு பொருள். இலைகளை நீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, அந்த நீரை அடித்துக் கலக்கிக் காற்றோடு சேர விடும்போதுதான் நீலம் உண்டாகி அடியில் படிகிறது. அந்த நீலம் நீரில் கரையாது. எனவே துணியில் ஏற்ற, ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் அதை மறுபடி கரையும் வடிவத்துக்கு மாற்றவேண்டும். அப்படிச் செய்த சாயத் தொட்டி மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். துணியும் தொட்டியிலிருந்து வெளியே வரும்போது பச்சையாகத்தான் இருக்கும். காற்று பட்டதும் விளிம்பிலிருந்து தொடங்கிக் கண்முன்னே நீலமாக மாறும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்தத் தொட்டியைப் பார்வையாளர்களுக்காகத் திறந்தோம். குழந்தைகள் கைக்குட்டைகளைக் கட்டி முடிச்சுப் போட்டுத் தோய்த்தார்கள். முதல் துணி வெளியே வந்து நிறம் மாறியபோது எழுந்த கூச்சல் நுழைவாயில் வரை கேட்டது என்று டிக்கெட் கொடுப்பவர் பிறகு சொன்னார். வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்ற குடும்பங்கள் ஒன்றுகூடக் கலையவில்லை. ஆனால் நான் முக்கியமாக நினைப்பது அதன் பிறகு நடந்ததைத்தான். ஜவுளிக் கூடத்தில், மங்கிய வெளிச்சத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய நீலத் துணி இருக்கிறது அல்லவா? நாள் முழுக்க எல்லோரும் கடந்து போகும் துணி. அன்று மாலை அதன் முன்னால் வரிசை நின்றது. நீலம் படிந்த விரல்களோடு பிள்ளைகள் தங்கள் பெற்றோரை இழுத்துக்கொண்டு வந்து, “இதையும் எத்தனை தடவை தோய்த்திருப்பார்கள்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் இங்கே இவ்வளவு இருட்டாக இருக்கிறது?” என்றும் ஒருவன் கேட்டான். சாயமேற்றிய துணிக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி படக்கூடாது என்பதும், ஒளியால் வெளுத்த நிறம் திரும்பி வராது என்பதும் அருங்காட்சியகத்தாருக்குத் தெரிந்த பாலபாடம். பார்வையாளருக்கு அதை யாரும் சொல்வதில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அன்று தன் கையால் நிறம் ஏற்றிய பையனுக்கு, நிறம் போய்விடும் என்பதை ஒரே வாக்கியத்தில் விளங்கவைக்க முடிந்தது.

ஒரு பாத்தி, ஒரு தொட்டி, ஒரு கண்ணாடிப் பெட்டி. மூன்றும் உங்கள் கணக்கில் மூன்று வெவ்வேறு தலைப்புகளில் இருப்பவை. பிள்ளைகளுக்கு அவை ஒரே கதை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆர்தூர் ஹசேலியஸ் 1891-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது, ஸ்வீடனின் பல பகுதிகளிலிருந்து வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து மீண்டும் கட்டினார். வீட்டை மட்டும் நிறுத்தவில்லை. செடிகளும் விலங்குகளும் மனிதர்களும் சேர்ந்த வாழ்க்கையாக அதைக் காட்டவேண்டும் என்பதே அவர் எண்ணம். அது எவ்வளவு பரவியது என்றால், போலந்து மொழியில் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் பொதுப்பெயரே ‘ஸ்கான்சென்’ ஆகிவிட்டது. நம் பூங்காவில் இடம் பெயர்த்து நிறுத்திய பழைய வீடும் அந்த வழிவந்ததுதான். அந்த வீட்டைச் சுற்றி இப்போது சிமெண்ட் தளம் போட்டிருக்கிறீர்கள். வீடு ஏதோ பொருட்காட்சியில் வைத்த மாதிரி நிற்கிறது.

குழந்தைகளுக்கென்றே தொடங்கிய முதல் அருங்காட்சியகம் 1899-இல் நியூயார்க்கின் புரூக்லினில் திறந்தது. அதே புரூக்லினில் தாவரவியல் பூங்கா 1914-இல் குழந்தைகளுக்கான தோட்டம் ஒன்றைத் தொடங்கியது. நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் பிள்ளைகள் அங்கே தங்கள் பாத்திகளில் விதைத்து அறுக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால், 1840-இல் ஜெர்மானியக் கல்வியாளர் பிரீட்ரிக் ஃபிரோபெல் தன் மழலையர் பள்ளிக்கு ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரை வைத்தார். அதை வெறும் உவமையாக அவர் வைக்கவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு துண்டு நிலம் இருக்கவேண்டும், அதை அடுத்துப் பொதுப் பாத்திகள் இருக்கவேண்டும் என்பது அவருடைய ஏற்பாட்டின் பகுதி.

கைபடக் கற்பதற்கும் நெடிய வரலாறு உண்டு. மைக்கேல் ஸ்போக் 1962-இல் பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்தபிறகு, பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டவைத்தார். படிப்பதில் சிரமம் உள்ள பிள்ளையாக வளர்ந்தவர் அவர். எழுத்துப் பலகைகள் நிறைந்த கூடம் எப்படிப்பட்ட குழந்தையை வெளியே நிறுத்துகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பூங்காவுக்கும் அப்படிப்பட்ட பிள்ளைகள் வருகிறார்கள். பலகைமுன் நிற்கமாட்டார்கள், ஆனால் தக்ளியைக் கையில் கொடுத்தால் மற்ற பிள்ளைகளைவிட நேரம் கழித்துத்தான் கீழே வைப்பார்கள்.

அச்சுக்கூடத்துக்கும் இது பொருந்தும். இப்போது அங்கே கயிறு கட்டி வைத்திருக்கிறீர்கள். அரிய பொருள்களை எல்லோரும் தொடவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. இரட்டைப்படியாக இருக்கும் எழுத்துகளைத் தனியே எடுத்து, ஒரு சிறிய கைப்பிடி அச்சுப் பொறியோடு வாசல் திண்ணையில் வைத்தால், ஒரு குழந்தை தன் பெயரின் எழுத்துகளைத் தேடி எடுத்து, வலமிருந்து இடமாகக் கோத்து, மை தடவி அழுத்திப் பார்க்கும். கொம்பும் துணைக்காலும் இடம் மாறிப்போய்ப் பெயர் கோணலாக வந்தால் இன்னும் நல்லது. மறுமுறை கோக்கும்போது ஓர் எழுத்துகோப்பவரின் கண் எப்படிப் பழகியிருக்கவேண்டும் என்று அதற்கே தெரிந்துவிடும்.

இப்போது ஒரு வருத்தத்தைச் சொல்லவேண்டும். போன கோடையில் கிழக்கு மூலையில் இருக்கும் எலுமிச்சைச் செடியில் என் பேத்தி பறவை எச்சம் போன்ற ஒன்றைக் கண்டாள். எச்சம் இல்லை, புழு. எலுமிச்சைச் செடியில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு பறவைகளை ஏமாற்ற அப்படித்தான் இருக்கும். அடுத்த வாரம் அது பச்சையாக மாறியிருந்தது. மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல இரண்டு கொம்புகளை நீட்டி வாடை வீசியது. பேத்தி அதை ஒரு நோட்டில் வரைந்து தேதி போட்டாள். பூங்காவுக்கு வந்திருந்த வேறு மூன்று பிள்ளைகளும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் வாரம் கூட்டுப்புழுவைப் பார்க்கலாம் என்று ஓடினோம். செடியில் இலைகள் பளபளவென்று இருந்தன. மருந்து அடித்துவிட்டார்கள். புழுக்கள் அடியில் கிடந்தன.

தோட்டக்காரர் மேல் எனக்கு ஒரு துளியும் கோபமில்லை. இலையில் ஓட்டை இருந்தால் பார்வையாளர்கள் குறை எழுதுகிறார்கள், மேலே இருந்து கேள்வி வருகிறது என்று அவர் என்னிடம் சங்கடத்தோடு சொன்னார். வண்ணத்துப்பூச்சிகளை வரவழைக்கப் பூச்செடிகள் வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் தேன் குடிக்க வரும் பூச்சி முட்டையிட வேறு செடியைத் தேடிப் போகும். கால்களால் இலையைச் சுவைத்துப் பார்த்து, தன் புழு தின்னக்கூடிய செடியில்தான் அது முட்டை வைக்கும். இலையில் ஓட்டை விழுவதை அனுமதிக்காத தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சி விருந்தாளியாக மட்டுமே இருக்க முடியும். ‘இந்தச் செடியின் இலைகளைப் புழுக்கள் தின்கின்றன. தின்னட்டும். உற்றுப் பாருங்கள்’ என்று எழுதிய ஒரு சிறு பலகை போதும். ஓட்டை விழுந்த இலை காட்சிப்பொருளாகிவிடும். அந்த நோட்டின் மூன்றாம் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது, படம் இல்லை. பேத்தி அதைக் கிழித்தெறியவும் இல்லை.

சூரியக் கடிகாரத்துக்கு வருகிறேன். அதைச் சுற்றி ஊஞ்சலும் மின்சாரக் குதிரைகளும் வரப்போகின்றன என்று வரைபடம் சொல்கிறது. பிள்ளைகள் விளையாடவேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தக் கடிகாரத்தில் ஒரு முழுநாள் நிகழ்ச்சி உறங்கிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “இது தப்பாக ஓடுகிறது” என்று தகப்பன்மார் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது தப்பாக ஓடவில்லை. அந்தச் சாய்ந்த தகடு, அது நிற்கும் இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை சாய்ந்து வானத்தின் துருவத்தை நோக்கி நிற்கிறது. அது காட்டுவது அந்த இடத்தின் சூரிய நேரம். நம் கைக்கடிகாரம் காட்டுவது ஒரு பரந்த நிலப்பரப்பு முழுவதும் ஒத்துக்கொண்ட பொது நேரம். பொது நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகையிலிருந்து ஒவ்வொரு பாகை விலகலுக்கும் 4 நிமிடம் வேறுபடும். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது என்பதால் ஆண்டு முழுவதும் இன்னொரு வேறுபாடும் வந்துபோகும்: நவம்பர் தொடக்கத்தில் சூரியக் கடிகாரம் சுமார் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் பிந்தும்.

இதை ஒரு பலகையில் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்குப் பதில், ஒரு குடும்பத்துக்கு ஒரு கூடை கூழாங்கற்களைக் கொடுங்கள். புல்வெளியில் ஒரு குச்சியை நட்டு, மணிக்கு ஒருமுறையும், நண்பகலை ஒட்டி மட்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறையும் நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். இடையில் அவர்கள் தறியைப் பார்க்கப் போகலாம், அச்சுக்கூடத்துக்குப் போகலாம். மணியானதும் பிள்ளைகளே பெற்றோரை இழுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். மாலையில் கற்கள் ஒரு வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் குட்டையான நிழல் எந்தக் கல்லுக்கு விழுந்தது, அப்போது கைக்கடிகாரம் என்ன காட்டியது என்று கேட்டால் போதும். அன்று நண்பகல் 12 மணிக்கு வரவில்லை என்று கண்டுபிடித்த குழந்தை அதை வாழ்நாளில் மறக்காது. இதற்கு மின்சாரம் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். நிழல் விழ இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நீங்கள் எடுக்கப்போகிறீர்கள்.

விளையாட்டைப் பற்றியும் ஒரு சொல். டென்மார்க்கின் நிலத்தோட்டக் கலைஞர் கார்ல் தியோடர் சோரன்சென், தான் வடிவமைத்த ஒழுங்கான விளையாட்டுத் திடல்களைவிட, கட்டடம் கட்டும் இடங்களிலும் பழைய சாமான் குவியல்களிலும் பிள்ளைகள் ஆர்வத்தோடு விளையாடுவதைக் கவனித்தார். 1943-இல் கோபன்ஹேகனை ஒட்டிய எம்ட்ரப்பில், பலகையும் செங்கல்லும் கருவிகளும் மட்டும் இருக்கும் திடல் ஒன்று அவர் யோசனையில் உருவானது. நாடு அந்நியப் படையின் பிடியில் இருந்த காலம் அது. மின்சாரக் குதிரை ஆடுவது மூன்று நிமிடம்; அதன்மேல் உட்கார்ந்த குழந்தை அந்த நேரமெல்லாம் ஒன்றும் செய்வதில்லை. நம் பழைய வீட்டைப் பழுதுபார்த்தபோது மிஞ்சிய மரத்துண்டுகளும் ஓடுகளும் கிடங்கில் கிடக்கின்றன. ஆணியையும் கண்ணாடிச் சில்லையும் நீக்கி, பொறுப்பாக ஒருவர் உடனிருந்து, அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். உத்தரத்தின்மேல் உத்தரம் எப்படி நிற்கிறது என்று பார்க்க அவர்களே பழைய வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார்கள்.

தொடுதிரையே கூடாது என்பது என் கட்சி இல்லை. பருத்தி இழையின் முறுக்கை நுண்ணோக்கி வழியாகக் காட்ட ஒரு திரை உதவும். இந்தத் தறியில் நெய்தவர்களின் குரலைப் பதிவுசெய்து, தறி ஓடும் ஓசையோடு சேர்த்துக் கேட்கவைக்கலாம். பார்வையில்லாதவர்களுக்கும் அது பயன்படும். அதெல்லாம் கொட்டகைக்குள், பொருளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அவுரிச் செடியைப் பிடுங்கிவிட்டு, அந்த மண்மேல் கூடம் கட்டி, அதற்குள் அவுரிச் செடியின் படத்தைக் காட்டுவதை மட்டும் செய்யாதீர்கள்.

உட்கார இடம் போதாது என்பதை எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நானும் சேர்ந்து சொல்கிறேன், ஏனென்றால் பேத்திகளைக் கூட்டிவருபவர்களின் முழங்கால்தான் ஒரு குடும்பம் எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இலேயே ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்று இதற்குப் பெயரிட்டு எழுதினார். பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனியவும் மடங்கவும் வேண்டியிருக்கிறது என்று புகைப்படம் எடுத்தே காட்டினார். நம் ஜவுளிக் கூடத்துப் பலகைகள் பெரியவர்கள் குனியவும் சிறியவர்கள் எம்பவும் வேண்டிய உயரத்தில் இருக்கின்றன. தோட்டத்தில் இரண்டு பாத்திகளையாவது மேடை கட்டி உயர்த்தினால் சக்கர நாற்காலியில் வருபவரும், குனிய முடியாதவரும் மண்ணில் கைவைக்கலாம். பாதையில் படி இருக்கும் இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்குமேல் செங்குத்தாகாத சரிவு போதும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. இது சமூக அருங்காட்சியகப் பூங்கா என்று பெயர்ப்பலகையில் போட்டிருக்கிறோம். 1967-இல் வாஷிங்டனின் அனகோஸ்டியா பகுதியில், ஒரு பழைய திரையரங்கில், ஸ்மித்சோனியன் நிறுவனம் அக்கம்பக்கத்தாருக்கான அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. ஜான் கினார்டு அதன் இயக்குநர். 1969-இல் அங்கே எலிகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள், உயிருள்ள எலிகளோடு. அந்தத் தெருக்களில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு எலி அன்றாடத் தொல்லை. அதையே காட்சிப்பொருளாக்கும் துணிச்சல் அந்த அருங்காட்சியகத்துக்கு இருந்தது. சர்வதேச அருங்காட்சியக மன்றம் 2022-இல் பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட வரையறையிலும், அருங்காட்சியகங்கள் சமூகங்களின் பங்கேற்போடு இயங்கவேண்டும் என்ற சொற்கள் இருக்கின்றன. நம் வரைபடம் பலகையில் ஒட்டப்பட்ட பிறகுதான் நமக்குத் தெரிந்தது. எதை வைப்பது, எதை எடுப்பது என்று நீங்கள் பேசும் கூட்டத்தில் தோட்டக்காரருக்கு ஒரு நாற்காலி இல்லை. தறியில் உட்காரும் நெசவாளருக்கும் இல்லை. பாத்தியில் என்ன இருக்கிறது என்று அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தால், அந்தக் கட்டம் அங்கே வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

எனவே நான் கேட்பது இதுதான். தொடுதிரைக் கூடத்தை வாகனம் நிறுத்துமிடத்தின் ஓரத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். அங்கே ஏற்கெனவே தளம் போட்ட இடம் சும்மா கிடக்கிறது. பாத்தியைத் தோட்டத் தலைப்பிலிருந்து எடுத்துத் தறிக் கொட்டகையின் பகுதியாகப் பதிவேட்டில் எழுதுங்கள். எலுமிச்சைச் செடிக்கு மருந்து அடிக்கவேண்டாம் என்று எழுத்தில் ஓர் உத்தரவு கொடுங்கள், இலையில் ஓட்டை என்று வரும் குறைகளுக்குப் பதில் சொல்லும் சுமை தோட்டக்காரர் தலையில் விழாதபடி. சாயத் தொட்டியை ஆண்டுக்கு இரண்டு முறையாவது திறக்க அனுமதி வேண்டும். ஆள் உதவிக்கு நாங்கள் இருக்கிறோம். அதை அருங்காட்சியக நாளான மே 18-க்கு மட்டும் வைத்துவிடாதீர்கள். இலை நன்றாகத் தழைத்திருக்கும் மாதத்தைத் தோட்டக்காரர் சொல்லட்டும், நாள்காட்டி அதற்கேற்ப மாறட்டும். பருத்தி பூத்த நாளிலிருந்து காய் வெடிக்க 45 முதல் 60 நாள் ஆகும். முதல் பூவைப் பார்த்த குடும்பத்துக்கு அந்தத் தேதியை ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தால் அவர்கள் கட்டாயம் திரும்பி வருவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்தால் வருகிறேன். அழைக்காவிட்டாலும், கூட்டத்துக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, உறுப்பினர்கள் எல்லோரும் தறிக் கொட்டகையின் பின்வாசல் வழியாகப் பாத்திக்கு ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். பருத்தி இப்போது வெடித்திருக்கிறது. ஒரு காயைப் பறித்து விதையைப் பிரித்துப் பாருங்கள்.

சென்ற பருவத்தில் அந்த அவுரியிலிருந்து எடுத்த விதைகள் என்னிடம் ஓர் உறையில் இருக்கின்றன. உறைமேல் பேத்தி தேதி எழுதியிருக்கிறாள். வரைபடத்தில் பாத்தி திரும்ப வந்ததும், தோட்டக்காரரிடம் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தறிக் கொட்டகையின் சனிக்கிழமைத் தன்னார்வலர்களில் ஒருத்தி